மேட்டுக் கல்லில் கட்டிய பெக் வரிசை

1. கைக்கெட்டிய கல்

மண் தோண்டும் ஷவல் இன்ஜினை ஓடவிட்டு நிற்கிறது. எவ்வளவு ஆழம் வெட்டவேண்டும் என்ற லெவலை நான் கொடுக்காமல் நிற்கிறேன். இத்தனை வருஷ சர்வேயர் வேலையில் ஷவலை நான் காக்கவைத்தது அந்த ஒரு சனிக்கிழமைதான். இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ இருக்கும். வளைகுடாவில், அல் அய்னுக்கு அப்பால் மலையடிவாரத்தில் தண்ணீர்க் குழாய் பதிக்கும் சைட்.

என் செயின்மேன் முனியாண்டி, கமுதிப் பக்கத்து ஆள். ஸ்டாஃப் என்னும் அளவுக்கோலைப் பிடிப்பதும், வழியைக் குறிக்கும் பெக் முளைகளை அடிப்பதும் அவன் வேலை. அந்தப் பாறைத் தரையில் மரப் பெக் இறங்காது. நிறுத்திவைத்துச் சுற்றிலும் கல் அடுக்குவோம். வறண்ட ஓடையில் கிடந்த கல்லெல்லாம் உருண்டை, அடுக்கினால் நிற்காது. குழாய் லைன் போகும் வழியில் ஒரு மேட்டின்மேல் தட்டைக் கல்லாக ஒரு குவியல் இருந்தது. பிக்கப்பை ரிவர்ஸில் விட்டு அள்ளினோம். ஒரே வாரத்தில் மூன்று கிலோமீட்டருக்குப் பெக் நின்றது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

இரண்டாம் நாளே முனியாண்டி சொன்னான்: "அண்ணே, அந்த மேட்டுல நின்னா யாரோ முதுகப் பாத்துக்கிட்டிருக்க மாதிரி இருக்கு."

"ஒம்மூஞ்சியப் பாக்கச் சகிக்காம முதுகப் பாக்குறாங்கடா," என்றேன். ஆனால் எனக்கும் அந்த இடம் பிடிக்கவில்லை. கீழே காற்று மணலை வாரி இறைக்கும்போதும் மேட்டின்மேல் துளி அசைவு இருக்காது.

2. உள்ளே

வியாழக்கிழமை நடுப்பகலில் முனியாண்டி ஒரு பெரிய கல்லைப் புரட்டினான். பின்னால் துவாரம். அந்த வெயிலில் உள்ளிருந்து குளிர்ந்த காற்று வந்து என் முகத்தில் பட்டது. டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு எலும்புக்கூடு. முழங்காலை மடக்கி, கையைக் கன்னத்துக்கு அடியில் வைத்து, டியூட்டி முடிந்து வந்து அசந்தவன் போல ஒருக்களித்துக் கிடந்தது. முகத்தருகே சின்ன மண்கலயம். முதுகை ஒட்டி ஒரு குழந்தையின் மண்டையோடு.

முனியாண்டி சேஃப்டி ஷூவைக் கழற்றினான்.

ஒரு வாரமாக நாங்கள் பிரித்தது ஒரு கல்லறையை. எத்தனை ஆயிரம் வருஷத்துப் பழசோ. சொன்னால் போலீஸ், விசாரணை. முடியும்வரை எங்களை ஊருக்கு விடமாட்டார்கள். முனியாண்டிக்கு ஞாயிற்றுக்கிழமை டிக்கெட். மூன்று வருஷத்துக்குப் பிறகு முதல் லீவு; அவன் விமானம் ஏறியபின் பிறந்த மகளை இன்னும் பார்த்ததில்லை. சொல்லாவிட்டால் சனிக்கிழமை ஷவல் வந்து மேட்டைச் சமமாக்கிவிடும்.

"மூடிருவோம்ண்ணே. நாம எதையும் பாக்கல." அவன் கண் கலங்கியிருந்தது. நானும் தலையாட்டினேன். நாலு பெரிய கல்லால் துவாரத்தை அடைத்தோம்.

3. சனிக்கிழமை

வெள்ளி லீவு. சனிக்கிழமை காலை முனியாண்டி ஸ்டாஃபோடு மேட்டுக்கு ஏறினான். நான் கீழிருந்து சர்வே கருவியின் லென்ஸில் பார்த்தேன். ஸ்டாஃப் தரையில் கிடந்தது. அவன் வெறுங்காலோடு நின்றிருந்தான். பின்னால் துவாரம் திறந்திருந்தது. நாங்கள் அடைத்த நாலு கல்லும் ஓரமாக, ஒன்றின்மேல் ஒன்றாக, அடுக்கியிருந்தன. ஒட்டகக்காரர் யாராவது வந்து எடுத்திருப்பார் என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

தக்கலைக்காரர் எங்கள் ஃபோர்மேன். "வோய், ஷவல் சும்மா நிக்குல்லா? யெல்லா, லெவலக் குடும்!" என்று அவசரப்படுத்திக் கத்தினார்.

வாக்கிடாக்கியில் முனியாண்டி குரல்: "அண்ணே, ஷவல அனுப்பாதீங்க."

"ஒன் லீவுடா..."

"புள்ள முதுகோட ஒட்டிக்கிட்டுப் படுத்திருக்குண்ணே. அதுக்கு மேல ஷவல ஏத்திட்டு எம்புள்ளைய நான் எப்படிண்ணே தூக்குவேன்?"

ஃபோர்மேனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை நின்றது. தொல்பொருள் அதிகாரிகள் வந்தார்கள். ஒவ்வொரு பெக்காகப் போய்க் கல்லைத் திரும்ப எடுத்துவரச் சொன்னார்கள். கானலில் அந்தச் சின்னக் குவியல்கள், குத்தவைத்து உட்கார்ந்து மேட்டையே பார்க்கும் ஆட்களாகத் தெரிந்தன. பயத்தோடு நானும் முனியாண்டியும் கல் சுமந்தோம்.

அவன் லீவு ஐந்து மாதம் தள்ளிப்போனது. ஊரிலிருந்து போன் செய்தான்: "பாப்பா எல்லார்கிட்டயும் பேசுதுண்ணே. ஆனா எங்கிட்ட வரமாட்டேங்குது. யாரோன்னு ஓடுது." சொல்லிவிட்டுச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சர்வேக்கு வரும் தம்பிகளே, பாலைவனத்தில் கல் குவிந்திருந்தால், குவித்த ஆள் ஒருவர் உண்டு. கை வைக்கும்முன் இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். முதல் நாளே நான் அப்படிக் காட்டியிருந்தால் லைன் பத்து மீட்டர் விலகிப் போயிருக்கும். முனியாண்டி ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறியிருப்பான்.