ஏட்டையாவின் கைநடுக்கம்

மதுவிலக்கு அமலில் இருந்த காலம். திருச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டு நர்ஸாக நான் சேர்ந்த புதிது. ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு மதுவிலக்குப் போலீஸ் ஏட்டைக் கால் முறிந்த நிலையில் கொண்டுவந்தார்கள். கொள்ளிடக்கரை நாணலுக்குள் சாராய ஊறலைத் தேடிப் போனவர் பள்ளத்தில் விழுந்துவிட்டார். மணலில் புதைத்த பானையைக்கூட மோப்பம் பிடித்துவிடுவார் என்று கூட வந்த கான்ஸ்டபிள் பெருமைப்பட்டார். மேலதிகாரி மாலையோடு வந்து, கடமைக்காகக் காலை ஒடித்துக்கொண்டவர் என்று பாராட்டினார். ஏட்டையா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தன்னடக்கம் என்று நினைத்தேன்.

மறுநாள் மதியம் அவருக்கு வேர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது. "சிஸ்டர், போர்வை பூரா எறும்பு. தட்டிவிடுங்க" என்றார். ஒரு எறும்பும் இல்லை. மாவுக்கட்டோடு கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தார். பக்கத்துக் கட்டில்காரர் காத்து கருப்பு என்றார். நான் மூளைக் காய்ச்சலோ என்று பயந்து டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் ஏட்டையாவின் மனைவியிடம், "தினமும் குடிப்பாரா?" என்று கேட்டார்.

"ஐயோ, அவரு போலீஸுங்க!" என்ற அந்த அம்மாள், பிறகு குரலைத் தாழ்த்தினார். "பிடிச்ச சாராயத்தை அழிக்கணும்னு உத்தரவு. இவரு கொஞ்சத்தை உள்ள ஊத்தி அழிப்பாரு."

தூக்க மருந்து கொடுத்துவிட்டு டாக்டர் என்னிடம் சொன்னார்: "சாராயம் மூளையை அமுக்கும்மா. தினமும் அமுக்கினா, மூளை எதிர்த்து எம்பிக்கிட்டே இருக்கப் பழகிடும். திடீர்னு நிறுத்தினா அமுக்கறதுக்கு ஒண்ணும் இல்லை. எம்பறது மட்டும் நிக்காது. அதான் இந்த ஆட்டம்."

தெளிந்ததும் ஏட்டையா டாக்டரிடம் கேட்டார்: "மனசை உறுதியா வெச்சுக்கிட்டா போதுங்களா?"

"வேணும்தான். ஆனா அந்த வாடை பட்டாலே உங்க மூளை கேக்க ஆரம்பிச்சுடும். வேற வேலைக்கு மாறிடுங்க."

மாற்றல் கேட்டார். இப்படி ஒரு மூக்கு இலாகாவில் வேறு யாருக்கும் இல்லை என்று மறுத்துவிட்டார்கள். மறுபடி கொள்ளிடக்கரை, சில மாதத்தில் மறுபடி எங்கள் வார்டு. இம்முறை மனைவியே மேலதிகாரியிடம் போனார். "ஊசி போட்டதுல மோப்பமே போயிடுச்சுங்க" என்றார். உடனே மாற்றல் வந்தது, போக்குவரத்துப் பிரிவுக்கு.

அதன்பின் தெப்பக்குளம் முனையில் அவரை வெயிலில் பார்ப்பேன். இடையில் ஒருமுறை சறுக்கினார். தானாகவே எங்கள் வார்டுக்கு வந்து படுத்துக்கொண்டார். மற்றபடி, வேலை முடியும் நேரத்தில் அந்த அம்மாள் முனையில் வந்து நிற்பார். கேட்டால், பூ வாங்க வந்ததாகச் சொல்வார். இருவரும் ஒன்றாக ஸ்ரீரங்கம் பஸ் ஏறுவார்கள்.