உள்ளே இடம் இருந்தது

எங்கள் குடும்பத்துக்கென்று ஒரு பிள்ளையார் கோயில் இருந்தது. இணுவிலுக்கும் மருதனார்மடத்துக்கும் இடையில், பெருந்தெருவிலிருந்து ஒழுங்கைக்குள் இறங்கி வெங்காயத் தோட்டங்களைக் கடந்து போகவேண்டும். ஐயாவின் பாட்டனார் கட்டியது. மூத்த மகன் கையிலிருந்து மூத்த மகன் கைக்கென்று அதன் சாவி, எங்கள் பேச்சில் திறப்பு, மாறி வந்தது. நான் ஐயாவுக்கு ஒரே பிள்ளை. ஆகவே நான் பிறந்த அன்றே அது என் திறப்பு என்று தீர்மானமாகிவிட்டது.

ஐயா அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்தவர். விடியப்புறம் குளித்து, ஈரவேட்டியோடு நடந்துபோய்க் கோயிலைத் திறப்பார். பூசை செய்ய ஒரு குருக்கள் வருவார். தீபாராதனை முடிந்ததும் ஐயா பதிகம் பாடுவார். பாடும்போது அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழியும். துடைக்க மாட்டார். பக்தி என்றால் இன்னதென்று எனக்கு யாரும் விளக்கவில்லை. பக்கத்தில் நின்று அந்தக் கண்ணீரைப் பார்த்து வளர்ந்தேன். அது பொய்க் கண்ணீர் இல்லை. இன்றைக்கும் அதை நான் சொல்வேன். பொய்யாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும்.

எண்பத்துமூன்றுக் கலவரத்தில் கொழும்பில் அடிபட்டு, வீடுவாசல் எரிந்து, கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கிய சனத்தில் ஏழு குடும்பங்களை ஐயா கோயில் மண்டபத்தில் இருத்தினார். அம்மா மூன்று நேரமும் சமைத்து அனுப்பினார். ஐயா தன் கட்டிலையே ஒரு கர்ப்பிணிக்குத் தூக்கிக் கொடுத்தார்.

“கோயில் கட்டினது சாமிக்கு மட்டுமில்லை, தம்பி,” என்றார் என்னிடம். “ஒதுங்க இடமில்லாமல் வாற சனத்துக்கும் தான்.”

எனக்கு அப்போது பதினெட்டு வயது. இப்படி ஒரு தகப்பன் யாருக்கு வாய்க்கும் என்று நெஞ்சு நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். வந்தவர்களிடம் ஐயா வாசலில் வைத்தே “எந்த ஊர், ஆற்றை ஆக்கள்?” என்று கேட்டதும், பதில் வந்த பிறகே செருப்பைக் கழற்றச் சொன்னதும் என் கண்ணில் பட்டதுதான். யாருடைய ஆட்கள் என்று சொந்தம் விசாரிக்கிறார் என நினைத்தேன்.

எங்கள் தோட்டத்தில் வெங்காயம் நடவும் புல்லுப் பிடுங்கவும் ஒரு பெண் வருவார். நாற்பது வயதிருக்கும். கோயிலுக்குப் பின்னாலிருந்த பனங்கூடலின் ஓரத்தில் அவர்களின் வீடு. புருசன் கள்ளுச் சீவுகிறவர். இரண்டு பிள்ளைகள். அந்த ஆட்களைக் கோயிலுக்குள் விடுவதில்லை. ஊரிலிருந்த பெரிய கோயில்கள் பலவும் கதவைத் திறந்துவிட்டிருந்த காலம் அது. எங்களுடையது குடும்பக் கோயில் என்றபடியால் யாரும் வந்து கேட்கவில்லை, நாங்களும் திறக்கவில்லை. அந்தப் பெண் தோட்டத்தால் போகும்போது வெளி மதிலுக்கு அப்பால் நின்று, கையை உயர்த்திக் கும்பிட்டுவிட்டுப் போவார்.

எண்பத்தேழு ஐப்பசியில் இந்திய இராணுவத்துக்கும் புலிகளுக்கும் சண்டை தொடங்கியது. நாலு பக்கத்தாலும் ஷெல் கூவிக்கொண்டு போனது. ஊர்ச்சனம் கோயிலுக்கு வந்தது. கற்சுவர், கொங்கிரீட் பிளாட் போட்ட கூரை. எங்கள் ஒழுங்கையில் அதைவிடப் பத்திரமான இடம் வேறு இல்லை. ஒரு நாற்பது பேர் பாயும் பெட்டியுமாக மண்டபத்தில் இருந்தோம். மூன்றாம் நாள் காலையில் நல்ல மழை. அந்த மழைக்குள் அந்தப் பெண்ணும் புருசனும் பிள்ளைகளும் வந்து கோயில் வாசலில் நின்றார்கள். சின்னவன் அவர் இடுப்பில் இருந்தான். எல்லோருக்கும் தலையால் தண்ணீர் ஓடியது.

மண்டபத்தில் எல்லோரும் ஐயாவைப் பார்த்தார்கள். ஐயா மூலஸ்தானத்துக்கு முன்னால் நின்றவர், திரும்பி வாசலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவ்வளவுதான். நான் எழும்பி வாசலுக்குப் போனேன்.

“அக்கா, உள்ளுக்கை இடமில்லை,” என்றேன். “உதிலை கொட்டிலுக்கை இருங்கோ. மழை அடியாது.”

கோயிலைச் சுற்றிய வெளிவீதியில் திருவிழாச் சாமான் போட்டு வைக்கிற தகரக் கொட்டில் ஒன்று நின்றது. அதைத்தான் காட்டினேன். அந்தப் பெண்ணை அதற்கு முன் ஒரு நாளும் நான் அக்கா என்று கூப்பிட்டதில்லை. பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவேன், நீ என்றுதான் கதைப்பேன். அன்றைக்கு எங்கிருந்து அந்த மரியாதை வந்ததோ தெரியாது.

“ஓம் தம்பி,” என்றார் அவர். புருசன் என்னைத் தாண்டி மண்டபத்தைப் பார்த்தார். தூண்களுக்கு இடையில் ஆறேழு பேர் கால் நீட்டிப் படுக்கக்கூடிய வெறுந்தரை கிடந்தது. அவர் அதைப் பார்ப்பதை நான் பார்த்தேன். பிறகு நால்வரும் கொட்டிலுக்குப் போனார்கள்.

திரும்பி வந்து இருந்தபோது பக்கத்திலிருந்த ஒருவர் என் முதுகில் தட்டினார். பக்குவமாகச் சமாளித்துவிட்டேனாம்.

பின்னேரம் மழை விட்டிருந்தது. ஷெல் ஒன்று வெளிவீதியில் விழுந்தது. எங்கிருந்து வந்ததென்று யாருக்குத் தெரியும்? மண்டபத்தில் எங்களுக்குக் காது அடைத்தது, கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. வேறொன்றும் இல்லை. வெளியில் ஓடிப்போய்ப் பார்த்தபோது கொட்டிலின் தகரம் கிழிந்து தொங்கியது. அந்தப் பெண் குப்புறக் கிடந்தார். சின்னவன் அவருக்கு அடியில் உயிரோடு இருந்தான். மூத்த பிள்ளைக்குக் கையில் காயம். புருசன் அவரைப் புரட்டி மடியில் போட்டுக்கொண்டு, முகத்தில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் தட்டித் தட்டி விட்டார்.

ஐயா விபூதித் தட்டோடு வெளியே வந்தார். அவர் கண்ணில் தண்ணீர். பதிகம் பாடும்போது வருகிற அதே தண்ணீர்.

“விதி அவ்வளவுதான் மோனை,” என்று விபூதியை நீட்டினார்.

புருசன் இரண்டு கையையும் ஏந்தி வாங்கினார். வாங்கியதைப் பூசவில்லை. கை அப்படியே இருந்தது. கொஞ்ச நேரத்தில் விபூதி விரலிடுக்கால் கொட்டிப்போயிற்று. சுடலைக்குக் கொண்டுபோக வழியில்லாததால் பனங்கூடலுக்குள்ளேயே கிடங்கு வெட்டி அவரைப் புதைத்தார்கள். நான் போகவில்லை. போகாதே என்று யாரும் என்னை மறிக்கவுமில்லை.

சண்டை ஓய்ந்த பிறகு, அடுத்த ஆண்டு, ஐயா கோயிலுக்குப் பிராயச்சித்தம் செய்வித்தார். உயிர்ப்பலி விழுந்த வீதி தீட்டாம். கொட்டில் நின்ற இடத்தை ஒரு முழத்துக்கு வெட்டி, அந்த மண்ணை அள்ளிக் கொண்டுபோய் எறிந்துவிட்டுப் புது மணல் போட்டார்கள். கும்பத் தண்ணீரை நான்தான் தலையில் வைத்து மூன்று தரம் வீதி சுற்றினேன். மூத்த மகன் செய்யவேண்டிய காரியம் அது. செய்துகொண்டிருக்கும்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அன்று மத்தியானம் சாப்பிடுவதற்குக் கையைக் கழுவப் போனேன். கழுவி முடியவேயில்லை. அம்மா வந்து வாளியைப் பறித்தார்.

பிறகு எனக்குப் படிப்பிக்கிற வேலை கிடைத்தது. கலியாணம் நடந்தது. தொண்ணூற்றொன்றில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. தொண்ணூற்றுமூன்றில் ஐயாவுக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்தது. இடக்கையால் திறப்பைத் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினார்.

“வாங்கிறதெண்டால் நான் கோயிலை எல்லாருக்கும் திறப்பன், ஐயா,” என்றேன். ஆறு வருடமாக வாய்க்குள் வைத்திருந்த வசனம் அது.

“நான் கண்ணை மூடுமட்டும் பொறு,” என்றார். சொல் குழறியது. ஆனால் விளங்கியது.

திறப்பை வாங்கிக்கொண்டு, பொறுக்கப் போவதில்லை என்று நினைத்து, அன்றே பனங்கூடலுக்குப் போனேன். அந்தப் பெண்ணின் புருசன் முற்றத்தில் குந்தியிருந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். இருக்கச் சொல்லவில்லை. நின்றுகொண்டே சொன்னேன்.

“கோயில் இப்ப என்ரை பொறுப்பிலை. திறக்கப் போறன். வாற வெள்ளிக்கிழமை நீங்கள் பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வரவேணும்.”

அவர் கத்தியின் கூர்மையைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார்.

“அண்டைக்கு உள்ளுக்கை எத்தினை பேர் இருந்தவை, தம்பி?”

“ஒரு நாப்பது பேர்.”

“இன்னும் நாலு பேர் இருக்க இடம் இருந்ததோ?”

“இருந்தது,” என்றேன்.

“அதை உங்கடை வாயாலை ஒருக்காக் கேக்கவேணும் எண்டுதான் இவ்வளவு நாளும் இருந்தனான். கேட்டிட்டன். நாங்கள் வரேல்லை. நீங்கள் போயிட்டு வாங்கோ.”

கோபம் இல்லாமல் சொன்னார். கோபப்பட்டிருந்தால் நான் மன்னிப்புக் கேட்டிருப்பேன். திரும்பி நடந்தேன். நடக்கும்போது என்னை அறியாமல் ஒரு நிம்மதி வந்தது. அதை எழுதத்தான் கூச்சமாக இருக்கிறது, ஆனால் வந்தது. அவர்கள் வரமாட்டார்களாம். இனித் திறப்பதில் என்ன? வீட்டுக்கு வந்து ஐயாவிடம், “அவை வரமாட்டினமாம்,” என்றேன். ஐயா கோணிய வாயால் சிரித்தார். அந்த வெள்ளிக்கிழமை வழமைபோல எங்கள் ஆட்களோடு பூசை நடந்தது. பதிகம் நான் பாடினேன். குரல் ஐயாவைப்போலவே இருக்கிறது என்றார்கள்.

தொண்ணூற்றைந்து ஐப்பசிக் கடைசியில் இராணுவம் நெருங்கிவர, எங்கள் வலிகாமப் பகுதிச் சனம் முழுவதும் ஒரே இரவில் ஊரைவிட்டு வெளிக்கிட்டது. ஐயாவைச் சைக்கிள் கரியரில் இருத்திக் கட்டி, மழைக்குள் ஒரு நாள் முழுக்கத் தள்ளித் தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். ஒரு வகுப்பறையில் எட்டுக் குடும்பம். எங்களுக்குப் பக்கத்தில் குருநகரிலிருந்து வந்த ஒரு கடற்றொழில் குடும்பம்: தாய், தகப்பன், எங்கள் மகள் அளவில் ஒரு சின்னப் பெண். பின்னேரங்களில் அந்தத் தாய் செபமாலை உருட்டுவார். ஐயா படுத்த இடத்திலிருந்து, “ஆற்றை ஆக்கள்?” என்று கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அம்மாவின் சேலை ஒன்றை எடுத்து இரண்டு வாங்குப் பலகைகளுக்கு நடுவில் மறைப்புக் கட்டினேன்.

அந்தச் சேலைக்குப் பின்னால் மூன்று கிழமை கிடந்து ஐயா போய்ச் சேர்ந்தார். குருநகர்க் குடும்பத்துத் தகப்பன்தான் விறகுக்கு அலைந்தார். சுடலைவரைக்கும் என்னோடு பாடையில் தோள் கொடுத்தார். மழையில் நெருப்புப் பிடிக்க நெடுநேரம் எடுத்தது. அவர் கடைசிவரை நின்றார். எனக்கு அழுகை வரவில்லை.

ஐயாவின் எட்டாம் நாள் சடங்கு முடிந்த மறுநாள் காலையில் நான் வகுப்பறைப் படியில் இருந்தேன். மகளும் அந்தச் சின்னப் பெண்ணும் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பிள்ளை ஓடிப்போய்த் தங்கள் தகரப் பேணியில் தண்ணீர் கொண்டுவந்து என் மகளிடம் நீட்டியது.

“நாங்கள் உங்கடை பேணியிலை குடிக்கிறேல்லை,” என்றாள் மகள்.

நாலு வயது. முகத்தில் ஒரு வெறுப்பும் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் கண்ணை மூடிக் கைகூப்பி நிற்கும்போது இருக்கிற அதே பணிவான முகம். நான் எழும்பிப்போய் அவளுக்கு அடித்தேன். முதுகில் ஓங்கி அடித்துவிட்டேன். அவள் வீரிட்டு அழுதாள்.

“நான் என்ன செய்தனான், அப்பா?”

குருநகர்த் தாய் ஓடிவந்து அவளைத் தூக்கினார். “பிள்ளைக்கு என்னத்துக்கு அடிக்கிறியள்? அது என்னத்தைக் கண்டது?” என்று என்னை ஏசிவிட்டு, சேலைத் தலைப்பால் அவள் மூக்கைத் துடைத்தார். அழுத களைப்பில் மகள் அந்தச் சின்னப் பெண்ணின் கையிலிருந்த பேணியை வாங்கி மடமடவென்று குடித்தாள்.

அம்மா மறைப்பை விலக்கிப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தத் தாய் அப்பால் போகும்வரை பொறுத்தார். பிறகு பிள்ளையின் கையைப் பிடித்துக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய், ஒரு கை தண்ணீர் அள்ளி வாயில் விட்டு, “கொப்புளிச்சுத் துப்பு, என்ரை குஞ்சு,” என்றார். பிள்ளை துப்பியது. அம்மா அவள் நெற்றியில் விபூதி பூசிவிட்டார்.

நான் படியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எழும்பவில்லை.