பம்-பம்முக்கு ஒரு தனி

போன சனிக்கிழமை, தி. நகரில் எங்கள் ஆபீஸ் ஹாலில் நடந்த ஆண்டு விழாவில் நான் மேடையேறிப் பாடினேன். பாடினேன் என்பது சரியான வார்த்தையா? டைரியில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

எல்லாம் ஒரு எல்.பி. ரெக்கார்டால் வந்தது. பக்கத்து மேஜை டொமினிக்குக்குச் சிங்கப்பூர் மாமா அனுப்பியது. 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' — அட்டையில் ஒரே மாதிரி நீலக் கோட்டு, ஒரே மாதிரி சிரிப்பு, நான்கு வெள்ளைக்காரர்கள். "நாமளும் நாலு பேரு கீறோமே சார்" என்றார் டொமினிக். அக்கௌண்ட்ஸ் செக்‌ஷனில் ஒரு பாட்டுக் குழு பிறந்தது.

டொமினிக் பாடுவார். இருவர் அவர் குரலைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே 'ஆ...' என்று இழுப்பார்கள். நான்காவது ஆள்? கீழ்க் குரலில் 'பம்-பம்-பம்'. பாட்டு முடியும்வரை அவ்வளவுதான். அந்த நான்காவது ஆள் நான்.

"எனக்கு ஒரு வரிகூடக் கிடையாதா?"

"கணக்கு உங்கள்ட்ட கரீக்டா கீது சார். கொரலுதான் இல்ல. பம்-பம்மப் புடிச்சுக்கங்க. அது நின்னா மொத்தமும் வுழுந்துடும்."

சரி என்றேன். வீட்டில் மட்டும், 'மேடையில் பாடுகிறேன்' என்று பொதுவாகச் சொல்லி வைத்தேன். என் மனைவி வசந்தா மறுநாளே மயிலாப்பூர் போய்த் தன் அப்பாவை அழைத்துவிட்டாள்.

என் மாமனார் ஒரு கச்சேரிகூட விடாதவர். பெண் பார்க்கப் போன அன்றே "மாப்பிள்ளைக்குப் பாட வருமோ?" என்று கேட்டு, வராது என்றதும் முகம் சுண்டிப்போனவர். அந்த முகம் இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. "அப்பா முன்னாடி மானத்தை வாங்கிடாதேங்கோ" என்றாள் வசந்தா. ரெக்கார்டை மறுபடி மறுபடி கேட்டேன்.

விழாவில் முதல் வரிசையில் மாமனார், ஜரிகை அங்கவஸ்திரத்தோடு. டொமினிக் பாட, நான் பம்-பம். அவர் வசந்தா பக்கம் சாய்ந்து கேட்டது மேடைவரை வந்தது — "மாப்பிள்ளை எப்போ பாடப் போறார்?"

இரண்டாவது சரணத்தில் டொமினிக்குக்கு வரி மறந்துபோயிற்று. வாயை மூடிவிட்டார். அவரை நம்பியிருந்த இருவரும் மூடிவிட்டார்கள். நான் நிறுத்தவில்லை. ரெக்கார்டில் நான்காவது ஆள் எங்கேயும் நிறுத்துவதில்லையே... பம்-பம்-பம். ஹால் முழுக்க என் குரல் மட்டும்.

மாமனாரின் கை தொடைக்குப் போனது. தாளம்.

"ஓ... தனி விட்டிருக்கான்" என்றார். பாடகர் ஒதுங்கிக்கொண்டு மிருதங்கத்துக்கு வழி விடும் நேரமல்லவா தனி? அவர் கணக்கில் நான் மிருதங்கம். பக்கத்தில் இருந்தவர்களும் தாளம் போட ஆரம்பித்தார்கள். எனக்குத் தைரியம் வந்துவிட்டது. 'பம்... பபம்-பம்' என்று கொஞ்சம் மாற்றிப் பார்த்தேன். அவர் தலை ஆடியது. அந்த நேரம் பார்த்து டொமினிக்குக்கு வரி ஞாபகம் வந்து, சரியான இடத்தில் நுழைந்தார்.

"பேஷ். எடுப்புக்கு வந்து சேர்ந்துட்டான்" என்றார் மாமனார். தனி முடிந்து பாட்டை மறுபடி எடுக்கும் இடம்தான் எடுப்பு.

ஹாலே கைதட்டியது.

"இன்னா சார் இது?" என்றார் டொமினிக், திரைக்குப் பின்னால் வியர்வையைத் துடைத்தபடி. "லைன் வரலியேன்னு நான் மாதாவக் கும்பிட்டுக்கினு நிக்கிறேன்... கை தட்றாங்க."

மாமனார் வெளியே காத்திருந்தார். "பாட்டு சுமார். தனி பிரமாதம், மாப்பிள்ளை" என்று தோளில் தட்டினார்.

முன்னால் நின்று பாடும் இடம் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. முன்னால் நிற்பவர் மறந்துபோகும் அரை நிமிஷம் மட்டும் என்றைக்காவது வரும். அப்போது நாம் நிறுத்தாமல் இருந்தால் போதும் போலிருக்கிறது.

பஸ்ஸில் வசந்தாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "எந்தக் கச்சேரியானாலும் தனி ஆரம்பிச்சா அப்பா காபிக்கு எழுந்து போயிடுவார். இன்னிக்கு அசையவே இல்லை. கவனிச்சேளா?"

கவனித்தேன். சனிக்கிழமைகளில் எங்கள் கான்டீன் மத்தியானமே மூடிவிடும் என்பதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.