ஒரு ஸ்பூன் பால்

எழுபதுகளின் தொடக்கத்தில் காஞ்சிபுரத்தில், தறி இல்லாத வீடே இல்லாத ஒரு தெருவில் குடியிருந்தோம். எனக்கு மஞ்சள் காமாலை வந்து தாய்ப்பால் வற்றிவிட்டது. கைக்குழந்தையாக இருந்த மகளுக்கு முதல்முறையாகப் பசும்பால் காய்ச்சிக் கொடுத்தேன். பாதி குடிப்பதற்குள் உதடு வீங்கிவிட்டது. உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சில் விசில் சத்தம். தறியில் இருந்த கணவர் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். பின்னாலேயே நானும்.

ஊசி போட்ட பிறகு மூச்சு சீரானது. டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துப் பேசினார்.

"நம்ம ரத்தத்துல காவலுக்கு நிக்கிற அணுக்கள் இருக்குது. கிருமி வந்தா அடிச்சு விரட்டும். உங்க பொண்ணுக்கு அதுங்க பசும்பாலையே கிருமின்னு நெனச்சுக்கினு சண்டை போடுது. வளர வளர நிறைய பிள்ளைங்களுக்கு இது அடங்கிடும்மா. அதுவரைக்கும் ஒரு சொட்டுகூடக் குடுக்காதீங்க."

அப்போ எதைக் கொடுப்பது என்று நான் அழ ஆரம்பித்துவிட்டேன். பக்கத்துக் கட்டிலில் தன் பிள்ளையோடு இருந்த, தெலுங்கு பேசும் ஒரு பெண், "இப்டி குடும்மா" என்று என் மகளை வாங்கி மடியில் போட்டுப் பாலூட்டினாள். வீடு திரும்பும்வரை இரண்டு பிள்ளைகளுக்கும் அவளே தாய்.

பிறகு கேழ்வரகுக் கஞ்சியும் பருப்புச் சாதமுமாக வளர்ந்தாள். யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் பாயசத்தைக் கண்டு நான் நடுங்குவேன். "ஒரு வாய் குடுத்தா இன்னாம்மா ஆயிடும்?" என்பார்கள்.

அவளுக்கு நாலு வயதானபோது, தன் முன்னால் பாலைக் கொடுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. ஊசி மருந்தைத் தயாராக வைத்துக்கொண்டு முதலில் சில சொட்டுகள், காத்திருந்து ஒரு ஸ்பூன். பார்க்கத் துணிவில்லாமல் கணவர் வெளியே போய்விட்டார். நான் அவள் உதட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

உதட்டை நக்கிக்கொண்டு அவள் சொன்னாள்: "நல்லாக்குதும்மா. இன்னும் குடு."

மத்தியானம்வரை வைத்துப் பார்த்துவிட்டு, டாக்டரம்மா சிரித்தபடி அவளை இறக்கிவிட்டார். நாங்கள் வெளியே வந்ததும் கணவர், "இன்னா ஆச்சு?" என்றார்.

"ஒண்ணும் ஆவலைங்க" என்றேன்.

அங்கேயே தரையில் உட்கார்ந்து, மகளைக் கட்டிக்கொண்டு விசும்பினார்.

வாழ்க்கையில் எத்தனையோ நல்ல சேதிகள் கேட்டுவிட்டேன். ஆனால் 'ஒண்ணும் ஆவலை' என்று அன்று என் வாயால் சொன்னதைப்போல ஒரு நல்ல சேதியை இன்றுவரை கேட்டதில்லை.