சக்களத்தியின் அளவு

என் வீட்டுக்காரர் அந்தக் காரை ‘அவ’ என்றுதான் சொல்வார். “அவளுக்கு மேல தார்ப்பாய் போட்டியா?” “மழை வருது, அவ நனைஞ்சிரப்பிடாது.” கொடியில் நான் காயப்போட்ட துணி நனைந்துகொண்டிருக்கும். அதை எடுக்க அவருக்குக் கை வராது. பக்கத்து வீட்டு அக்கா பிளவுஸ் தைக்கக் கொடுக்க வரும்போதெல்லாம் முதலில் முற்றத்தை எட்டிப் பார்ப்பாள். “ஒனக்க சக்களத்திக்கு சொகம் உண்டா மக்கா?” என்று கேட்பாள். நானும் சிரித்து வைப்பேன். வயிறு எரியும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. பனச்சமூட்டுச் சந்தையில் அவர் ரப்பர் ஷீட்டு வாங்கி விற்கும் கடை வைத்திருந்தார். நான் வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டிருந்தேன். ஒற்றசேகரமங்கலத்தைத் தாண்டி மலையோரத்தில் ஒரு தோட்ட பங்களாவை இடித்தார்கள். அதன் ஷெட்டில் கோழி அடைந்துகொண்டிருந்த கார் இது. எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரர் கப்பலில் கொண்டுவந்ததாம். ஷீட்டு எடுக்கப் போன மனுஷன் டெம்போவில் காரை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கோழி எச்சத்தை அவர் தன் கையாலேயே கழுவினார். சாப்பிட்ட தட்டைக்கூட நகர்த்தி வைக்காத கை அது. என் தலைக்குக் கொஞ்சம் எண்ணெய் தேய்த்துவிடச் சொன்னால் தோள் வலிக்கிறது என்பார். அவளுக்கு மட்டும் வாரம் தவறாமல் எண்ணெய்க் குளியல். எஞ்சினையும் எப்படியோ இருமவைத்து, செருமவைத்து ஓடப் பண்ணிவிட்டார். காரியம் நின்றது டயரில்.

பழைய டயர்கள் நான்கும் கையில் எடுத்தால் உதிர்ந்தன. பக்கவாட்டில் எழுதியிருந்ததெல்லாம் தேய்ந்து, ஒரு ஐந்து மட்டும் மிச்சம் இருந்தது. அது அகலமாம். சக்கரத்தின் அளவு என்னவென்று யாருக்கும் தெரியவில்லை. நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரம், நாகர்கோவில் என்று போகிற ஊரெல்லாம் டயர் கடை ஏறி விசாரித்தார். நாலு பக்கமும் ரப்பர் மரம் நிற்கிற ஊர். என் புடவைக்குப் பக்கத்தில் ஒரே கொடியில் ரப்பர் ஷீட்டு காய்கிற வீடு. அவளுக்கு நாலு டயர் கிடைக்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் என்ன சந்தோஷம் தெரியுமா! அன்றைக்குக் குழம்பில் இரண்டு மீன் துண்டு கூடுதலாகப் போட்டு அவருக்கு ஆறுதல் சொன்னேன்.

இந்த இடத்தில் என் செருப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணம் முடிந்த வருஷத்திலிருந்து கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் அவர் எனக்குச் செருப்பு வாங்கி வருவார். எப்போதும் ஏழாம் நம்பர். என் காலுக்கு ஐந்துதான். முதல் வருஷம் புதுப்பெண், வாய் திறக்கக் கூச்சமாக இருந்தது. அடுத்த வருஷம் அவராகவே பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்ற வீம்பு வந்தது. பிறகு அந்த வீம்பே பழகிவிட்டது. வாரின் அடியில் துணியை மடித்து வைத்துத் தைத்து, செருப்பைக் காலோடு இறுக்கிக்கொள்வேன். குதிகாலுக்குப் பின்னால் இரண்டு விரல் அகலத்துக்குச் செருப்பு நீட்டிக்கொண்டிருக்கும். ஊர்ப் பெண்களின் அளவெல்லாம் எனக்கு மனப்பாடம். என் அளவு என் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

ஒருநாள் தைத்துக்கொண்டிருந்த என் கழுத்திலிருந்து அவர் இஞ்ச் டேப்பை உருவிக்கொண்டு போனார். முற்றத்தில் சக்கரத்தைக் கழற்றிப் படுக்கப் போட்டு, முட்டுக் குத்தி உட்கார்ந்து, ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு டேப் பிடித்தார். நம்பவில்லை போலிருக்கிறது, சக்கரத்தைத் திருப்பிப் போட்டு மறுபடியும் பிடித்தார். அடுத்த சக்கரத்துக்கும் அப்படியே. ஊகத்தில் ஒரு எண் சொல்ல மாட்டார் என் வீட்டுக்காரர். ஷீட்டு எடை என்றாலும் சரி, சக்கரம் என்றாலும் சரி, அளந்து கண்ணால் பார்த்தால்தான் அவருக்கு எண். மிஷினில் கால் வைத்தபடி நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு பெண்ணுக்கு ஆசைப்பட்டுப் பிளவுஸ் அளவு எடுக்கிற மாதிரி இருந்தது. டேப் திரும்பி வந்தபோது கிரீஸ் அப்பியிருந்தது. எண் மறைந்து அளவு பிசகி, அன்றைக்கு ஒரு கல்யாணப் பிளவுஸைப் பிரித்துத் தைக்க வேண்டியதாகிவிட்டது.

பதினேழு இஞ்சும் கொஞ்சமும் வந்தது. பதினேழு என்று முடிவு செய்து திருவனந்தபுரத்துக் கடை ஒன்றில் சொல்லி வைத்தார். டயர்கள் வந்ததும் சந்தை முக்கிலிருந்த பஞ்சர் கடைக்குச் சக்கரங்களோடு போனார். கூட என்னையும் கூப்பிட்டார், அவளுக்குப் புது உடுப்பு போடுவதை நானும் பார்க்க வேண்டுமாம். பஞ்சர் கடைக்காரர் நெம்புகோலை எடுத்து வைத்துவிட்டு டயரை ரிம்மின் மேல் வைத்தார். கோலுக்கு வேலையே இல்லை, அது தானாகவே இறங்கியது. தூக்கினால் தானாகவே கழன்றும் வந்தது.

“இது லூஸாணல்லோ சாரே” என்றார் கடைக்காரர்.

என் வீட்டுக்காரர் கடை வாசலில் கிடந்த பழைய டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார். தலையைக் கையால் தாங்கிக்கொண்டார். மஞ்சக்காமாலை வந்து நான் ஒரு மாதம் பாயோடு கிடந்தபோதுகூட இந்த மனுஷன் இப்படி உட்கார்ந்ததில்லை. அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் டயர் இல்லாமலே கிடந்து துருப்பிடித்துப் போகட்டும் என்று மனசு சொன்னது. ஆனால் அளவு பிசகிய ஒரு உடுப்பு கண் முன்னால் கிடந்தால் எனக்குச் சும்மா இருக்க முடியாது. குனிந்து ரிம்மைப் பார்த்தேன். அதன் ஓரம் வெளிப்பக்கமாக மடங்கி நின்றது.

“இஞ்ச பாருங்க. நீங்க அளந்தது மடக்குக்கு வெளிய. டயர் இருக்கப் போறது மடக்குக்கு அடியிலயாக்கும். நான் பாவாடை விளிம்பு மடக்குறது போலத்தான் இதும். மடக்கு போக அளந்து பாருங்க.”

டேப் என் கழுத்திலேயே கிடந்தது. மடக்கின் அடியிலிருந்து எதிர்ப்பக்கத்து அடிக்கு நானே வைத்துப் பிடித்தேன். பதினாறு, கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

“ஜீப்பினும் பதினாறு தன்னெ. பக்ஷே அது தடி, மட்கார்டில் உரசும்” என்றார் பஞ்சர் கடைக்காரர். ஜீப் டயர் அகலம் கூடுதல் என்பது அவர் சொன்னதன் அர்த்தம். அதனால் ஐந்து அகலத்தில் பதினாறைத் தேடி என் வீட்டுக்காரர் கோயம்புத்தூர் வரைக்கும் போனார். அங்கே ஒரு பழைய ஸ்டாக் கடையில் கிடைத்தது. இந்தத் தடவை நெம்புகோலுக்கு நல்ல வேலை இருந்தது. கடைசிப் பக்கம் உள்ளே விழுந்தபோது வந்த சத்தத்தைக் கேட்டு அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், “அளவு கண்டுபிடிச்சது எனக்க வீட்டுக்காரியாக்கும்” என்று சொன்னார். சொல்லக் கூடாதுதான், எனக்குக் குளிர்ந்து போய்விட்டது. சக்களத்தியோடு ஒருவாறு சமாதானம் ஆகிவிட்டேன்.

முதல் சவாரி நெய்யாற்றின்கரைக்கு. நான் முன் சீட்டில். வழியில் சைக்கிள்காரர்கள் இறங்கி நின்று பார்த்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா பார்க்கவில்லையே என்று மட்டும் குறை. கடைத் தெருவில் நிறுத்தியதும் ராணி மாதிரி இறங்கப் போனேன். அந்தக் காருக்குக் கதவுக்குக் கீழே ஒரு படி உண்டு. என் செருப்பின் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருந்த அந்த இரண்டு விரல் அகலம் படியில் மாட்டியது. வார் பட்டென்று அறுந்தது. அடியில் நான் தைத்து வைத்திருந்த துணியும் வெளியே தொங்கியது.

எதிரிலேயே செருப்புக் கடை. என் வீட்டுக்காரர் உற்சாகத்தில் இருந்தார். உள்ளே நுழையும்போதே, “ஏழாம் நம்பர் எடுங்க” என்றார்.

கடைக்காரர் என் காலைப் பார்த்தார். “சேச்சிக்கு அஞ்சு மதியல்லோ” என்று, ஐந்தே போதும் என்கிற மாதிரி ஒரு ஜோடியை எடுத்துப் போட்டார். போட்டேன், கச்சிதமாக உட்கார்ந்தது.

“அஞ்சா?” என்றார் என் வீட்டுக்காரர். “நான் ஒனக்கு ஏழுன்னுல்லா நெனச்சிருந்தேன்.”

“எப்பிடி நெனச்சிய?”

“சும்மா ஒரு கணக்குதான்.”

சும்மா ஒரு கணக்கு! ஒரு சக்கரத்தைத் திருப்பிப் போட்டு மறுபடியும் அளந்த மனுஷன் சொல்கிற பதிலா இது? கல்யாணமாகி முதல் கிறிஸ்துமஸுக்கே கொஞ்சம்கூடத் தயங்காமல் ஏழு வாங்கி வந்தவர். அவர் வீட்டில் அக்கா தங்கை கிடையாது. என் மாமியார் செருப்பே போட்டதில்லை.

“அளக்காம ஒரு எண்ணு ஒங்க வாயில வராதே. ஏழு ஆருக்க காலு?”

அவர் கடைக்காரரைப் பார்த்தார், வெளியே நின்ற காரைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

“எட்டி, வா வா, மழை வருது. அவ நனைஞ்சிருவா.”

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

அப்புறம் எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன், சிரித்தும் கேட்டேன், அழுதும் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் தார்ப்பாயை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய்விடுவார். சில வருஷம் கழித்து வெளியூர்க்காரர் ஒருவருக்குக் காரை விற்றுவிட்டார். அவள் முற்றத்தை விட்டுப் போகும்போது எனக்கே கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. பாவம், வீணாக அவளைக் கரித்துக்கொட்டியிருக்கிறேன்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால், சர்ச் வாசலில் பெண்கள் கழற்றிப் போட்ட செருப்புகளில் என் கண் தானாக ஏழைத் தேடும். எங்கள் சபையில் இரண்டு பேருக்கு ஏழு. இரண்டு பேரும் என்னிடம் சிரித்துத்தான் பேசுவார்கள். பிளவுஸ் துணியோடு வந்தால் மட்டும், கை ஒழியவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவேன்.