ஒரே பெயர், ஒரே போன் நம்பர், இரண்டு வீடு

2006-ஆம் வருஷம் நடந்தது இது. அப்போது மார்த்தாண்டத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கணினியில் விவரங்கள் ஏற்றும் வேலையில் இருந்தேன். வீடு திருவட்டாற்றுக்குப் பக்கம். வீட்டில் நான், மூன்று வயது மகள், மாமியார். கணவர் ஷார்ஜாவில். கல்யாணமான பிறகு அவரோடு சேர்ந்து இருந்த நாட்களைவிடப் போனில் பேசிய நாட்கள்தான் அதிகம்.

அந்த வருஷம் ஆஸ்பத்திரியில் புது சாப்ட்வேர் போட்டார்கள். பழையதில் ஒரே ஆளுக்கு மூன்று நான்கு பதிவுகள் கிடந்தன. சீட்டைத் தொலைத்துவிட்டு வருகிறவர்களுக்கெல்லாம் புதிதாக ஒன்று போட்டுக் கொடுத்துவிடுவதுதான் வழக்கம். ஒரு தடவை இனிஷியல் முன்னால் இருக்கும், இன்னொரு தடவை பின்னால் இருக்கும். அதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, ஒரே வீட்டில் இருப்பவர்களை ஒரே குடும்ப எண்ணுக்குள் கொண்டுவருவதுதான் எனக்குக் கொடுத்த வேலை. சாப்ட்வேரே தேடிப் பிடித்து, சந்தேகமான இரண்டு பதிவுகளைத் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒன்றா என்று கேட்கும். பார்த்துவிட்டு ஆம் அல்லது இல்லை என்று அழுத்த வேண்டும். பெரும்பாலும் ஆம்தான். கை பழகிவிட்டால் யோசிக்கக்கூடத் தோன்றாது.

அன்றைக்கும் அப்படித்தான் அழுத்திக்கொண்டே போனேன். திடீரென்று இடது பக்கம் எங்கள் குடும்பம் வந்தது. குடும்பத் தலைவர் என்ற இடத்தில் என் கணவர் பெயர். ஷார்ஜா போவதற்கு முன்னால் மெடிக்கல் எடுக்க எங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் வந்திருந்தார், அந்தப் பதிவு. கீழே என் பெயர், மகள் பெயர்.

வலது பக்கமும் குடும்பத் தலைவர் என் கணவர்தான். அதே பெயர், அதே இனிஷியல், வயது மட்டும் ஒன்று கூட. தொடர்புக்கு என்று கொடுத்திருந்தது ஷார்ஜா நம்பர். கணவர் அவசரத்துக்கு மட்டும் என்று சொல்லி எனக்குக் கொடுத்திருந்த அதே நம்பர். ஒரு எண்கூட மாறவில்லை. ஆனால் ஊர் அருமனை. மனைவி என்ற இடத்தில் வேறொரு பெண்ணின் பெயர். மகன், வயது நான்கு.

கீழே, 'இரண்டும் ஒரே குடும்பமா?' என்ற கேள்வி.

எதையும் அழுத்தாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு எங்கள் சூப்பர்வைசர் அண்ணன் எழுந்து வந்தார். திரையை ஒரு பார்வை பார்த்தார். என் கணவர் பெயர் அவருக்குத் தெரியாது.

"பேரும் ஒண்ணு, நம்பரும் ஒண்ணு. இதுல என்ன யோசன மக்கா? ஒரே வீடாக்கும். சேத்து விடு."

"நாளைக்குப் பாக்கேன் அண்ணே, தலை வலிக்குது" என்று சொல்லி அதை ஒதுக்கி வைத்தேன்.

அந்தப் பெயர் எங்கள் பக்கத்தில் சாதாரணப் பெயர்தான். பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பில் இரண்டு மூன்று பேருக்கு இருக்கும். வெறும் பெயர் என்றால் சிரித்துவிட்டு அடுத்ததற்குப் போயிருப்பேன். நம்பர்தான் என்னை விடவில்லை. ஒரு நம்பர் எப்படி இரண்டு பேருக்கு இருக்கும்?

சந்தேகம் வந்துவிட்டால் அதற்குத் தீனி எங்கிருந்தாவது கிடைத்துக்கொண்டே இருக்கும். போன தடவை லீவில் வந்தபோது, கூட வேலை செய்கிறவர் வீட்டில் ஒரு பார்சல் கொடுக்க வேண்டும் என்று ஒருநாள் அருமனைக்குப் போனார். காலையில் போனவர் மத்தியானச் சாப்பாடும் அங்கேயே முடித்துவிட்டு வந்தார். நானும் வருகிறேன் என்றதற்கு, வெயிலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம் என்றார். அன்றைக்கு அதை அக்கறை என்று நினைத்திருந்தேன். அந்தப் பார்சலில் ஒரு சின்னப் பையன் சட்டை இருந்ததும் நினைவுக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை வழக்கம்போல் கணவர் கூப்பிட்டார். மாமியார் பேசி முடித்து என்னிடம் கொடுத்தார். சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டேன்.

"உங்க நம்பர வேற யாருக்காவது குடுத்திருக்கியளா?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. "எதுக்குக் கேக்க?" என்றார்.

"சும்மாதான்."

"சும்மாவா?" என்று சிரித்துவிட்டு மகளைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். அந்தத் தயக்கம் எனக்குப் போதுமானதாக இருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை போன் வந்தபோது துணி துவைக்கிறேன் என்று சொல்லச் சொல்லிவிட்டுக் கிணற்றடியிலேயே நின்றேன். மாமியாருக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். "உங்க ரெண்டு பேருக்கும் பெணக்கமா பிள்ள?" என்று கேட்டார். இல்லை என்றேன். இந்த அம்மாவுக்கும் தெரியுமோ, எல்லோருமாகச் சேர்ந்து என்னை ஏமாற்றுகிறார்களோ என்றும் ஒரு நினைப்பு வந்தது. எனக்கு ரசம் வைத்துக் கொடுத்துவிட்டுத் தான் கஞ்சி குடித்த அந்த அம்மாவைப் பார்த்து அப்படி நினைத்தேன்.

இனித் தாங்காது என்று ஒருநாள் லீவு போட்டேன். ஆஸ்பத்திரியில் பார்த்த விலாசத்தை வைத்துக்கொண்டு ஒருவர் வீட்டுக்குப் போவது தப்பு என்று எனக்குத் தெரியும். வேலை போகும் என்றும் தெரியும். ஆனாலும் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஒரு பைலைக் கையில் பிடித்துக்கொண்டு அருமனை பஸ்ஸில் ஏறினேன்.

வீட்டுப் பெயரைச் சொன்னதும் பெட்டிக்கடைக்காரர் வழி காட்டினார். ரப்பர் தோட்டத்தை ஒட்டிய இறக்கத்தில் புது வீடு. பாதி பூசி, பாதி பூசாமல் இருந்தது. கொடியில் ரப்பர் ஷீட்டுகளுக்குப் பக்கத்தில் புலிப் படம் போட்ட கம்பளி ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டில் இருக்கும் அதே கம்பளி. கல்ஃப்காரர்கள் வீட்டில் எல்லாம் அந்தப் புலி இருக்கும் என்பது எனக்குத் தெரியாததா? ஆனால் அந்த நேரத்தில் அதுவும் ஒரு சாட்சியாகவே பட்டது.

நைட்டியும் தோளில் துவர்த்துத் துண்டுமாக ஒரு பெண் வெளியே வந்தாள். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவளாக இருக்கலாம். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறேன், விவரங்களைச் சரிபார்க்க வேண்டும் என்றேன். பெயர் கேட்டேன், சொன்னாள். மகன் எங்கே என்றேன், பள்ளிக்கூடம் போயிருக்கிறான் என்றாள். கணவர் பெயர் கேட்டேன். சொன்னாள்.

அது என் கணவர் பெயரேதான்.

"என்ன, எழுதல்லியா?" என்றாள். நான் பேனாவைக்கூட எடுத்திருக்கவில்லை.

கல்யாணப் போட்டோ ஒன்றைப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும். எல்லா வீட்டிலும் முன்னறையில் மாட்டியிருப்பார்களே. குடிக்கத் தண்ணீர் கேட்டேன், உள்ளே கூப்பிடுவாள் என்று. அவள் என்னை வெளியிலேயே நிற்கவைத்துவிட்டு, கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டுப் போனாள். இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தேன். சுவரில் ஆணி மட்டும் இருந்தது. போட்டோவைக் காணவில்லை. மறைத்து வைத்திருக்கிறாள் என்றே முடிவு செய்தேன்.

தண்ணீர்ச் செம்போடு அவள் வந்தபோது நான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது அவள் கண்ணில் பட்டுவிட்டது.

"என்ன பாக்கிய?"

"ஒண்ணுமில்ல. உங்க வீட்டுக்காரர் கடைசியா எப்பம் வந்தாரு?"

"அதுக்கும் ஆஸ்பத்திரிக்கும் என்ன சம்பந்தம்?" அவள் செம்பைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள். "ஆஸ்பத்திரியில இருந்து வீடு வீடா வந்து இப்பிடியெல்லாம் கேப்பினுமா? நீங்க யாரு? உங்க மாப்பிள எங்க?"

"ஷார்ஜாவில."

"பேரென்ன?"

பொய் சொல்லியிருக்கலாம். முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

அவள் முகம் மாறியதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. செம்பு நழுவித் தண்ணீர் படியெல்லாம் கொட்டியது. என் மணிக்கட்டைப் பிடித்தாள். ரப்பர் வெட்டிக் காய்த்துப்போன கை, உரசியது.

"ஏட்டி, நீ யாரத் தேடியாக்கும் இஞ்ச வந்த? எனக்க மாப்பிளயத் தேடியா?"

"அத நான் கேக்கணும்" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் இருந்தது.

அப்படியே என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். முன்னறையில் சாமான்கள் எல்லாம் நடுவில் குவிந்து, மேலே தார்ப்பாய் மூடியிருந்தது. மூலையில் வெள்ளையடிக்கக் கரைத்த சுண்ணாம்பு வாளி. அவள் என் கையை விடாமல், ஒரு கையாலேயே போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு நம்பரை அமுக்க ஆரம்பித்தாள். அமுக்கும்போது வாய்விட்டும் சொன்னாள். என்னை அறியாமல் நானும் கூடவே சொன்னேன். கடைசி எண்கள் எங்கள் இரண்டு பேர் வாயிலிருந்தும் ஒன்றாக வந்தன. அவள் நிறுத்தி என்னைப் பார்த்தாள். கோபம் போய், அழுகை வரும் முகமாக இருந்தது. அதற்குள் மறுமுனையில் மணியடிக்கத் தொடங்கிவிட்டது.

யாரோ எடுத்தார்கள். தூக்கத்திலிருந்து எழுந்த குரல். எங்கள் ஊர்ப் பேச்சு இல்லை, தஞ்சாவூர்ப் பக்கம் போலிருந்தது.

"அவரு இருக்காரா?" அவள் கணவர் பெயரைச் சொல்லிக் கேட்டாள். என் கணவர் பெயரும்தான் அது.

"யாருங்க வேணும் உங்களுக்கு? இந்த ரூம்ல அந்தப் பேர்ல ரெண்டு பேரு இருக்காங்க. அருமனைக்காரரா, திருவட்டாறுக்காரரா?"

அவள் கண் போனிலிருந்து என் முகத்துக்கு வந்தது.

"ஹலோ? ரெண்டு பேருமே டூட்டிக்குப் போயிட்டாங்கம்மா. நான் நைட் ஷிப்ட், தூங்கிட்டிருந்தேன். இது ரூமுக்குப் பொதுவான போனு. யாருக்குன்னு சொன்னீங்கன்னா வந்ததும் பேசச் சொல்றேன்."

"ஒண்ணுமில்ல அண்ணே. சும்மா சுகமான்னு கேக்கதுக்கு" என்று சொல்லி அவள் போனை வைத்தாள். அப்போதுதான் என் கையை விட்டாள். மணிக்கட்டில் அவள் விரல்கள் சிவப்பாகப் பதிந்திருந்தன.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் சுவரில் சாய்ந்து நின்றதில் முதுகெல்லாம் சுண்ணாம்பு. பிறகு அவள் திட்ட ஆரம்பித்தாள். "படிச்ச பொம்பளதானே நீ? வாய் இல்லியா? வந்த உடனே நேரா கேட்டா என்ன? எனக்கு நெஞ்சு வெடிச்சுப் போயிருக்கும்." திட்டிக்கொண்டே எழுந்துபோய் பால் விடாத கட்டஞ்சாயா போட்டுக் கொண்டுவந்தாள். நான் அழுதுகொண்டே குடித்தேன்.

குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. "உனக்க மாப்பிள இஞ்ச வந்திட்டுண்டு, கேட்டியா? எனக்க மகனுக்குச் சட்டையும் பார்சலும் கொண்டு. திருவட்டாறுன்னு மட்டும் சொன்னாரு, பேரு நான் கேக்கல்ல. முந்தின மழைக்குக் கூரையில ஓடு மாறிக் கெடந்தது. ஏறி எல்லாத்தையும் சரியாக்கிக் குடுத்திட்டுத்தான் சோறு தின்னாரு. எனக்க வீட்டுக்காரி கம்ப்யூட்டர் படிச்சவளாக்கும்னு சொல்லிட்டே இருந்தாரு." அப்போது அவர்கள் பக்கத்தில் பழைய வீட்டில் இருந்தார்களாம்.

நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

ஆண்கள் யாரிடமும் இதைச் சொல்ல வேண்டாம் என்று பேசி வைத்துக்கொண்டோம். மறுநாள் ஆஸ்பத்திரியில் அந்தப் பதிவை எடுத்து, இல்லை என்று அழுத்தினேன். எனக்குப் பின்னால் யாரும் தவறிச் சேர்த்துவிடக் கூடாது என்று, இருவரும் வேறு ஆட்கள், போன் பொது என்று குறிப்பும் ஏற்றினேன்.

அந்த வெள்ளிக்கிழமை போன் வந்தது. "ஊரில இருந்து யாரோ பெண்ணாளு போன் விளிச்சாளாம், யாருக்குன்னு சொல்லாம வச்சிட்டாளாம். நீயா?" என்று கேட்டார். "நான் விளிக்கல்ல" என்றேன். அது உண்மைதான். பிறகு அவராகவே, இந்தப் போன் தனக்குச் சொந்தமில்லை, ஆறுபேர் சேர்ந்து வாங்கியது, உன்னிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது என்றார். இரண்டு வாரத்துக்கு முன்னால் நான் கேட்டபோது தயங்கியது அதற்குத்தான்.

அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அன்றிரவு படுத்தபோது, அந்தத் தஞ்சாவூர்க்காரரும் அவரும் பேசி வைத்திருந்தால் என்று ஒரு நினைப்பு வந்தது. எனக்கே வெட்கமாக இருந்தது. கண்ணால் பார்த்து, காதால் கேட்டு வந்த பிறகும் வந்தது அந்த நினைப்பு. முழுசாகப் போகச் சில மாதங்கள் ஆயின.

சில வருஷம் கழித்து அவர் ஷார்ஜாவை விட்டு ஊரோடு வந்துவிட்டார். ஒருநாள் வேடிக்கையாக எல்லாவற்றையும் சொன்னேன். புலிக் கம்பளியைச் சொல்லும்போது நானே சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கடைசிவரை கேட்டுவிட்டு, "நீ அப்பம் எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே" என்று மட்டும் சொன்னார். பிறகு எழுந்து வெளியே போய் வெகுநேரம் நின்றார்.

இப்போது யாரைப் பற்றியாவது மனதில் ஒரு கதை வளரத் தொடங்கினால், அதற்குச் சாட்சி தேடி ஊர் ஊராக அலையாமல், கசந்தாலும் பரவாயில்லை என்று அந்த ஆளிடமே போய்க் கேட்டுவிடுகிறேன்.