முனுசாமிக்கு வந்த மார்க்கு

போன வாரம் ஆதார் அட்டையை லேமினேட் செய்யக் குமணன்சாவடிக்குப் போயிருந்தேன். கடை முழுக்கச் சூடான பிளாஸ்டிக் வாசனை. ஓரமாக இருந்த கம்ப்யூட்டரில் ஒரு பெண் வெளிநாட்டுக் காலேஜுக்கு அப்ளிகேஷன் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, சர்நேம் கேக்குது. இன்னா போடறது?"

"உன் பேரையே போட்டு உடும்மா" என்றார் கடைக்காரர்.

எனக்குத் திக்கென்றது. ஊர் விஷயத்தில் மூக்கை நுழைப்பது என் பழைய வியாதி. "பாஸ்போர்ட்ல எப்படிக் கீதோ அப்படியே போடும்மா" என்றேன். அவள் முறைத்தாள். என் அக்கா கதையை அங்கே நின்று சொல்ல முடியுமா? உங்களிடம் சொல்லலாம்.

நமக்கெல்லாம் ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரின் முதலெழுத்து, அவ்வளவுதான். அக்கா, எம்.தேவகி. பாஸ்போர்ட்டில் அந்த 'எம்' விரிந்து முனுசாமி என்று சர்நேமாக உட்கார்ந்திருந்தது. அமெரிக்க மேல்படிப்புக்கான தேர்வை அந்தப் பெயரில்தான் எழுதினாள். யுனிவர்சிட்டி அப்ளிகேஷனில் மட்டும், காலேஜ் சர்டிபிகேட்டில் இருந்தபடி, கடைசிப் பெயர் தேவகி என்று போட்டுவிட்டாள். அதனால் ஆளே வேறாகிவிடும் என்று எங்கள் சென்னீர்குப்பத்தில் யாருக்குத் தெரியும்?

மார்க்கை நாம் அனுப்பக் கூடாது, தேர்வு நடத்துகிறவர்களே நேராக அனுப்புவார்கள். அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. "நம்ம கையால குடுத்தா நம்ப மாட்டாங்களாமா?" நிலமெல்லாம் கைவிட்டுப் போன பிறகு ஆவடி ஃபேக்டரிக்கு சைக்கிள் மிதித்தவர் அவர். அக்காவை ஏர்போர்ட்டில் வழியனுப்பப் போட்டுக்கொள்ள ஒரு வெள்ளைச் சட்டை தைத்து வைத்திருந்தார். ஷிப்ட் முடிந்து வந்து சைக்கிளை நிறுத்தும்போதே கேட்பார்: "இன்னாமா, மார்க்கு போய் சேந்துச்சா?"

சேரவில்லை. தேவகி என்ற பெயரில் எந்த மார்க்கும் வரவில்லை என்றே பதில் வந்துகொண்டிருந்தது. அக்கா சரியாகச் சாப்பிடுவதை விட்டிருந்தாள். கடைசியில் ஒரு மெயில்: முனுசாமி என்று ஒருவருடைய மார்க்கு இருக்கிறது, அது நீங்களா?

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "எட்டாவதோட நின்னவனுக்கு அமெரிக்காவுல மார்க்கு வந்துகீதுபா" என்று டீக்கடை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஆனால் அந்த வருஷத்துச் சேர்க்கை முடிந்துவிட்டிருந்தது. "உடுமா, அடுத்த வருசம் போனா அமெரிக்கா ஓடியா பூடும்?" என்றார். சட்டை பீரோவுக்குத் திரும்பியது.

அந்த ஐப்பசி மழையில் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. அந்த வெள்ளைச் சட்டையைத்தான் போட்டு அனுப்பினோம்.

அடுத்த வருஷம், எல்லா இடத்திலும் முனுசாமி என்றே போட்டு அக்கா கிளம்பினாள். ஏர்போர்ட்டில் நானும் அம்மாவும் மட்டும். போய்ச் சேர்ந்து சில நாள் கழித்துப் போன் செய்தாள். "கிளாஸ்ல முதல் நாள் முனுசாமின்னு கூப்ட்டாங்கடா. அப்பா வந்துட்டார்னு திரும்பிப் பாத்துட்டேன்" என்றாள்.

அங்கே ஆபீஸில் இன்றும் அவள் முனுசாமிதான். இங்கே எங்கள் வீடு இருந்த இடத்தில் ஃப்ளாட் வந்துவிட்டது. "முனுசாமி, கெளம்பலியா?" என்று வாசலில் சைக்கிள் பெல் அடிக்கும் ஷிப்ட்காரர்கள் ஒருவரும் இல்லை. அந்தப் பெயரைச் சொல்லி யாரையாவது கூப்பிடுவதைக் கேட்க வேண்டுமென்றால், நான் அமெரிக்காவுக்குத்தான் போக வேண்டும்.